செல்லாத உரிமம் காவல் ஆகாது
ஃபுளோரிடா மாநிலத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், தொழில் உரிமம் வழங்கும் அதிகாரத்தை மாநிலத்துக்கே உரியதாக்கி, வண்ணம் பூசுதல், தரை பதித்தல், அலமாரி அமைத்தல் போன்ற பணிகளுக்குக் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்களும் நகராட்சிகளும் தனி உரிமம் கோருவதைத் தடுத்தது. இதனால் வீட்டுக்காரர்கள் ஏமாற்றப்படுவார்கள், எனவே பழைய உள்ளூர் விதிகளை ஏட்டில் அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று வாதிடுவோர், உரிமத்தையும் கட்டட அனுமதியையும் குழப்பிக்கொள்கிறார்கள். உரிமம் என்பது வேலை செய்பவரின் தகுதிச் சான்று. அனுமதியோ, அந்த வேலையையே கட்டட விதிகளின்படி ஆய்வுக்கு உட்படுத்தும் ஏற்பாடு. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி தெற்கு ஃபுளோரிடாவின் வீடுகளைச் சிதைத்தபின் வலுப்பெற்றவை கட்டட விதிகளே. அவற்றை இச்சட்டம் நீக்கவில்லை. கூரை, மின்சாரம், குழாய்ப் பணிகளுக்கான ஒப்பந்தக்காரர்களை மாநிலச் சட்டம் இன்றும் கட்டுப்படுத்துகிறது.

மாநில உரிமத்துக்கும் உள்ளூர் உரிமத்துக்கும் இடைப்பட்ட சில சிறப்புப் பணிகளுக்குப் புதிய பிரிவுகள் உரிய காலத்தில் உருவாகாமல், உள்ளூர் உரிமங்கள் முடிவுக்கு வர வேண்டிய 2023 ஜூலை என்ற காலக்கெடு தள்ளிப்போனது உண்மைதான். அந்தத் தாமதத்துக்கு மாநிலமே பொறுப்பு. ஆயினும், சட்டவலிமை இழந்த விதி ஏட்டில் நீடித்தால், அது மோசடிக்காரரைத் தடுக்காமல், விவரமறியாத எளிய தொழிலாளியிடம் தேவையற்ற கட்டணத்தையும் தேர்வையும் கோரும் அநீதியாகவே எஞ்சும்.