எங்கப்பா எந்த நாட்டுக் கணக்கு?

1985 பிப்ரவரி 12. வங்காள விரிகுடாவில் சென்னையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 'சிதம்பரம்' கப்பல் தீப்பிடித்தது. சுமார் 40 பயணிகள் செத்தார்கள். அத்தோடு அந்தக் கப்பல் போக்குவரத்தே நின்றது. பத்திரிகைக்கு அது இரண்டு நாள் செய்தி. மலேசியாவில், லூபோக் சீனாவில் எங்கள் வீட்டுக்கு அது இன்னும் கருமாதி முடியாத சாவு.

அப்பா ஏழு வயசில் இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் இங்கே வந்தவர். மலாயாவின் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவதை இந்தியா 1938-இல் நிறுத்தியது. அதற்கு முந்தின வருஷம். அன்றிலிருந்து பால்மரம்தான். விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டு, நெற்றியில் விளக்கு, தோளில் பால் வாளி. வெட்டிய மரத்துக்குக் கணக்கு உண்டு, ஊற்றிய பாலுக்குக் கணக்கு உண்டு. வெட்டினவனுக்கு மட்டும் பிரஜைக்கான நீல ஐசி (அடையாள அட்டை) கிடையாது. 1969-இல் பிரஜை இல்லாதவன் பெர்மிட் எடுத்தால்தான் வேலை என்றார்கள். 60,000 பேர் அளவில் மூட்டை கட்டி இந்தியாவுக்குப் போனார்கள். அப்பா சிவப்பு ஐசியும் பெர்மிட்டுமாக எப்படியோ இங்கேயே ஒட்டிக்கொண்டார். எதற்கு ஒட்டிக்கொண்டாரோ!

வேலையை விட்டு நின்றதும், மாசியில் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் என்று அந்த 'சிதம்பரம்' கப்பலில் இந்தியாவுக்குக் கிளம்பினார். தகரப் பெட்டியில் மைலோ டின், கோடாலித் தைலம், நைலக்ஸ் சேலை. தாய்மாமன் சீருக்கு வாங்கிய அரைப் பவுன் மோதிரத்தை அவர் அரைஞாண் கயிற்றில் அம்மாவே முடிந்துவிட்டார். விமானத்துக்குக் காசிருந்தால் அந்த மனுஷன் ஏன் கப்பல் ஏறுகிறார்?

பெட்டியும் வரவில்லை, உடம்பும் வரவில்லை. இறப்புப் பத்திரம் கேட்டு அம்மா நடையாய் நடந்தார். "உன் புருஷன் இந்த நாட்டுப் பிரஜையா? செத்தது இங்கேயா?" என்று இங்கே கேட்டார்கள். இந்தியாவுக்கு எழுதினால், ஐம்பது வருஷம் மலாயாவில் இருந்தவரை அங்கேயே விசாரியுங்கள் என்று பதில். பத்திரம் இல்லாததால் அவர் சேர்த்த பணமும் இல்லை. அம்மா மறுபடி கத்தியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போனார்.

தாலியைக் கழற்றச் சொன்ன பெரியவர்களிடம் அம்மா ஒரே கேள்வி கேட்டார்: "செத்துட்டாருன்னு எந்தக் கவர்மெண்டும் சொல்லலையே, நான் மட்டும் ஏன் சொல்லணும்?" சாகிற வரைக்கும் அந்த மஞ்சள் கயிறு அவர் கழுத்தில் கிடந்தது.

மேடைக்கு மேடை நாம் கப்பலேறி வந்த கதையைப் பேசுகிறீர்களே, திரும்பிப் போகையில் கருகினவர்களின் பெயர் ஒன்றாவது உங்களுக்குத் தெரியுமா? ஆத்திரத்தில்தான் கேட்கிறேன். எனக்கு அந்த உரிமைகூடவா இல்லை?

அந்தப் பயணிகள் பட்டியல் எந்த அலமாரியில் இருந்தாலும் வெளியே எடுங்கள். நஷ்டஈட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்கப்பாவுக்கு ஒரு இறப்புப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். அதில் எந்த நாட்டு முத்திரையை வேண்டுமானாலும் குத்துங்கள்.