மாலைப் பசிக்கு முளைப்பயறு... வாசலுக்கு நாலு சாக்குக் கீரை!

*வாசகர் கேள்வி – பதில்*

''எங்கள் வீட்டைச் சுற்றி இடம் கிடையாது. வாசலில் பத்துக்கு நாலடி சிமென்ட் தரையும், பக்கத்தில் ஒரு சந்தும்தான். பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளிவிட்டு வந்ததும் ஆளுக்குப் பத்து ரூபாய்க்குப் பாக்கெட் வாங்கித் தின்கிறார்கள். ராத்திரி சோறு இறங்குவதில்லை. ஆறாவது படிக்கும் பெண்ணுக்கு ரத்தம் குறைவு என்று பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு சொல்லிவிட்டது. வீட்டிலேயே சுலபமாக என்ன செய்து கொடுக்கலாம்? இருக்கிற இடத்தில் என்ன வளர்க்கலாம்?''

*– வாசகி, திருப்புட்குழி, காஞ்சிபுரம் மாவட்டம்.*

முதலில் மாத்திரை, அதற்குப் பிறகுதான் தின்பண்டம். 5 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் கீழேயும், 12 முதல் 14 வயது வரை 12 கிராமுக்குக் கீழேயும் இருந்தால் ரத்தச்சோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை, மருத்துவர் சொன்ன நாள் வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். பால், டீ, காபியோடு மாத்திரை போடக் கூடாது. மாத்திரை போடும் நாள்களில் மலம் கறுத்துப் போவது வழக்கம்தான். அதற்குப் பயந்து பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையையும் தவறவிடக் கூடாது. வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால், என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

இது ஒரு வீட்டுப் பிரச்னை இல்லை. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவிகிதம் பேருக்கும் ரத்தச்சோகை இருக்கிறது. விளைவிக்கிற வீடுகளும் இந்தக் கணக்கில் அடக்கம்.

ஊர்ப் பயறு

திருப்புட்குழிக்காரர்களுக்குப் பயறைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயிலில், மரகதவல்லித் தாயாரை 'வறுத்த பயறை முளைப்பிக்கும் தாயார்' என்றே சொல்வார்கள். குழந்தை வரம் வேண்டிவரும் பெண்கள், வறுத்து ஊறவைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு படுப்பதும், காலையில் அது முளைவிட்டிருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பதும் அங்குள்ள ஐதீகம். வறுத்தால் முளைக்கரு செத்துவிடும், பிறகு முளைக்காது என்பது எல்லா விவசாயிக்கும் தெரியும். அது தெரிந்த ஊரில்தான் இப்படியொரு நம்பிக்கை பிறந்திருக்கிறது.

அடுப்படிக்கு வறுக்காத பயறே போதும். 100 கிராம் பச்சைப்பயறை இரண்டு முறை கழுவி, ராத்திரி படுக்கும்போது ஊறவைக்க வேண்டும். காலையில் தண்ணீரை வடித்து (அதைக் கீரைத் தொட்டியில் ஊற்றிவிடலாம்), ஈரத்துணியில் தளர்வாகக் கட்டி, ஓட்டைத் தட்டில் வைத்து மூடிவிட வேண்டும். மதியம் ஒரு முறை தண்ணீர் தெளித்தால், சித்திரை, வைகாசியில் பிள்ளைகள் வீடு திரும்புவதற்குள் முளை எட்டிப் பார்த்திருக்கும். மார்கழிக் குளிரில் கூடுதலாக அரை நாள் பிடிக்கும். பிசுபிசுப்போ, புளித்த வாடையோ அடித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

முளைகட்டும்போது பயறில் வைட்டமின் சி உருவாகிறது. இரும்பை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்திருக்கும் ஃபைடேட் குறைகிறது. ஆனால், பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் முளை வளர்வதுபோலவே கிருமியும் வளரும். இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, கடுகு, காய்ந்த மிளகாய் தாளித்து, கறிவேப்பிலையைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். முழு இலையாகப் போட்டால் தட்டின் ஓரத்துக்குப் போய்விடும். தேங்காய்த் துருவல் தூவி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்துவிட வேண்டும். வேகவைத்ததில் குறைந்த வைட்டமின் சி-யை எலுமிச்சை ஈடுகட்டும். தாவர உணவில் இருக்கும் இரும்பு உடம்பில் சேர்வதற்கு அது முக்கியம். இதைத் தின்ற கையோடு டீ கொடுத்தால் பலன் குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் கொடுக்கலாம்.

பயறு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 100 கிராமுக்கு 12 ரூபாய். நாலு பேர் சாப்பிடலாம். இரண்டு பாக்கெட்டுக்குப் போவது தினம் 20 ரூபாய், மாதம் 600 ரூபாய்.

ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். 100 கிராம் பச்சைப்பயறில் இருக்கும் இரும்பு சுமார் 5 மில்லிகிராம். நாலு பங்காகப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றேகால் மில்லிகிராம். 10 முதல் 12 வயதுப் பெண் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 28 மில்லிகிராம் வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பரிந்துரைக்கிறது. சுண்டல் மட்டுமே ரத்தச்சோகையைத் தீர்த்துவிடாது. மாத்திரையில் ஏறிய ரத்தம் மறுபடி இறங்காமல் பார்த்துக்கொள்வது, பயறு, கீரை, கேழ்வரகு, முட்டை என்று தினமும் தட்டில் விழுவதுதான்.

எச்சரிக்கை: விதைப்புக்கு வாங்கிய பயறில் மீந்ததை ஒருபோதும் முளைகட்டித் தின்னக் கூடாது. பூஞ்சணக்கொல்லி கலந்து விதைநேர்த்தி செய்திருப்பார்கள். கழுவினால் போகாது. சாயம் ஏற்றியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். சாயம் இல்லை என்பதால் மருந்து இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. விதைப் பயறையும் சமையல் பயறையும் ஒரே அலமாரியில் வைக்காமல் இருப்பது நல்லது.

மற்ற நாள்களுக்கு...

கேழ்வரகு அடை: இரண்டு ஆழாக்குக் கேழ்வரகு மாவு, இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு. வெந்நீர் தெளித்துப் பிசைந்து, கல்லில் தட்டி, மூடிபோட்டு வேகவைக்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது.

பயத்தம் உருண்டை: ஒரு கப் பச்சைப்பயறைச் சிறு தீயில் சிவக்க வறுத்து, ஆறவைத்து அரைக்க வேண்டும். முக்கால் கப் வெல்லத்தூள், ஏலக்காய், கால் கப் சூடான நெய் சேர்த்து உருட்டினால் பத்து நாள் கெடாது. ஈரக் கையால் எடுக்கக் கூடாது. வெல்லத்தில் ரத்தம் ஊறிவிடும் என்று நம்பி இனிப்பைக் கூட்ட வேண்டாம். ஆளுக்கு ஓர் உருண்டை போதும்.

அவல்: சிவப்பு அவலைத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவைத்து, வெல்லமும் தேங்காயும் கலந்தால் தீர்ந்தது. அடுப்பே வேண்டாம்.

ஓமவல்லி பஜ்ஜி: எண்ணெய்ப் பண்டம்தான். ஆனாலும் பிள்ளைகள் தங்கள் கையால் கிள்ளிவந்த இலையைக் கடலைமாவில் முக்கிப் போட்டுக்கொடுத்தால், கடைப்பக்கம் போகிற கால் நிற்கும். வாரத்துக்கு ஒரு நாள் செய்யலாம்.

பத்துக்கு நாலடியில் என்ன வளரும்?

தினமும் நாலைந்து மணி நேரம் வெயில் விழும் இடத்தை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். காசு போட்டுத் தொட்டி வாங்கத் தேவையில்லை. 25 கிலோ அரிசிச் சாக்கைப் பாதிக்கு மடித்துவிட்டால் கீரைக்கு அதுவே தொட்டி. உடைந்த குடம், பழைய வாளியும் ஆகும். அடியில் நாலைந்து துளை போட்டு, துளைமேல் ஓட்டாஞ்சில்லு வைக்க வேண்டும். சிமென்ட் தரையில் நேரடியாக வைக்காமல் இரண்டு செங்கல்மீது தூக்கி வைத்தால் தண்ணீர் வடியும், தரையும் பாசி பிடிக்காது.

பூச்சிமருந்து, களைக்கொல்லி வந்த கேன்களை மட்டும் எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஊறவைத்து இரண்டு, மூன்று தண்ணீரில் அலசிய பிறகே கலக்க வேண்டும். கலவையில் ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு சேர்ப்பது நல்லது.

கீரைச் சாக்கு – 4: கீரைக்கு முக்கால் அடி ஆழம் போதும். நாலு சாக்கிலும் ஒரே நாளில் முளைக்கீரை விதைத்தால் ஒரே நாளில் முற்றும். வாரத்துக்கு ஒரு சாக்கு வீதம் விதைத்தால், நாலாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு முறை பிடுங்கலாம். பிடுங்கிய சாக்கில் உடனே எரு போட்டு மறுபடி விதைக்க வேண்டும். கீரை விதை பொடி விதை என்பதால், மணலோடு கலந்து தூவினால் சீராக விழும். அஞ்சறைப்பெட்டி வெந்தயத்தையே ஒரு நாள் ஊறவைத்து விதைத்தால் 20, 25 நாளில் வெந்தயக்கீரை தயார். அரைக்கீரை போட்டால் வேரோடு பிடுங்காமல் கிள்ளிக் கிள்ளி எடுக்கலாம்.

குச்சி ஊன்றுபவை: ஓமவல்லி, புதினா, பொன்னாங்கண்ணி மூன்றுக்கும் விதை வேண்டாம். சந்தையில் வாங்கிய புதினாவில் இலையை ஆய்ந்துவிட்டு, தடித்த காம்பை நட்டாலே துளிர்க்கும். வெயில் குறைந்த சந்துப் பக்கம் இதற்குப் போதும்.

மிளகாய் – 2, கறிவேப்பிலை – 1: மிளகாய்க்கு ஓரடி ஆழமும், கறிவேப்பிலைக்கு ஒன்றரை அடி ஆழமும் வேண்டும். கறிவேப்பிலையில் முதல் வருடம் ஆசைப்பட்டு உருவக் கூடாது. நுனியை மட்டும் கிள்ளிவிட்டால் பக்கக்கிளை வெடிக்கும். இலையைத் தின்னும் பச்சைப்புழுவைக் கையால் பொறுக்கிப் போடுவதே போதும்.

அசுவினி, மாவுப்பூச்சி வந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும், எண்ணெய் கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். 15 நாளுக்கு ஒரு முறை லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா ஊட்டம் கொடுக்கும்.

முருங்கை தொட்டிக்கு ஏற்றதல்ல. சந்தின் முனையில் ஒரு முழம் மண் தரை இருந்தால், அங்கே ஒரு போத்து ஊன்றிவிடலாம். வேலையைப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பதும் முக்கியம். தண்ணீர் ஊற்றுவது ஒருவர், கிள்ளி வருவது ஒருவர். தான் வளர்த்த கீரையைத் தட்டில் ஒதுக்கும் பிள்ளை குறைவு.

''சொந்தக் கடலையில் உருண்டை பிடித்தால் சில நேரம் கசக்கிறது. பாகும் கல்லாகிவிடுகிறது. என்ன காரணம்?''

*– வாசகர், உத்திரமேரூர்.*

கசப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சரியாகக் காயாத கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் வளர்ந்து 'அஃப்ளடாக்சின்' நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாக அழியாது. சுருங்கிய, நிறம் மாறிய, பச்சை அல்லது மஞ்சள் பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். 'தின்னத்தானே ஆகாது' என்று மாட்டுக்கும் போடக் கூடாது. அந்த நஞ்சு பாலில் இறங்கி, பிள்ளைகளுக்கே திரும்பி வரும். காயை ஆட்டினால் பருப்பு கலகலக்கும் வரை, ஈரம் 8 சதவிகிதத்துக்கு இறங்கும் வரை காயவைத்து, தரையில் படாமல் பலகைமீது அடுக்க வேண்டும். பழைய கடலையில் எண்ணெய் சிக்கு பிடித்தாலும் வாடையும் கசப்பும் வரும்.

பாகுக்கு, இரண்டு பங்கு கடலைக்கு ஒரு பங்கு வெல்லம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட வேண்டும். கையால் உருட்ட வந்து, தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் கேட்டால் அதுதான் பதம். அதைத் தாண்டவிட்டால் கல்தான். முற்றிவிட்டால் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றி மறுபடி காய்ச்சிப் பதம் பார்க்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைக்கும். பொடித்தே உருட்ட வேண்டும்.

''அக்னி நட்சத்திரத்தில் தொட்டிச் செடிகள் கருகிவிடுகின்றன. என்ன செய்யலாம்?''

*– வாசகி, வாலாஜாபாத்.*

தொட்டிகளைத் தள்ளித்தள்ளி வைக்காமல் நெருக்கி வைத்தால், ஒன்றின் நிழல் இன்னொன்றின் மண்ணைக் காக்கும். மண்மீது இரண்டு விரல் உயரத்துக்கு வைக்கோலோ, காய்ந்த இலையோ மூடாக்குப் போட வேண்டும். காலை, மாலை இரு வேளையும் தண்ணீர் ஊற்றலாம். உச்சி வெயிலில் கூடாது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் அந்த வேளை தண்ணீர் வேண்டாம். 50 சதவிகித நிழல்வலை இல்லாவிட்டால், பழைய பருத்திப் புடவையைக் கட்டினாலும் போதும். இந்த மாதத்தில் புதிதாகக் கீரை விதைப்பதைக் குறைத்துக்கொண்டு, பொன்னாங்கண்ணி, ஓமவல்லி, கறிவேப்பிலையைக் காப்பாற்றிவிட்டால், ஆடிப் பட்டத்தில் மீண்டும் எல்லாச் சாக்கையும் நிரப்பலாம்.