இருபது மணி நேர அறம்

செவிலியர் கல்வியில் விழுமியங்களுக்கு இடமே இல்லை என்று எவரும் கூறிவிட முடியாது. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் அறிவித்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தின் நான்காம் பருவத்தில் தொழில்நெறி, விழுமியங்கள், உயிர் அறவியல் ஆகியவற்றுக்கெனத் தனித்தாள் உண்டு. அதன் மதிப்பு 1 கிரெடிட். காலம் 20 மணி நேரம். இதுவே போதும் என்போர், அந்த 20 மணி நேரம் முடிந்தபின் மாணவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்பதில்லை.

அவர்கள் நிற்பது இதயப் பிரிவிலும் சிறுநீரகப் பிரிவிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும். வென்டிலேட்டரின் எச்சரிக்கை ஒலிகளைப் பிரித்தறியக் கற்பிக்க அங்கே ஆள் உண்டு. நினைவிழந்த நோயாளியின் உடலைத் துடைக்கும்போது திரையை ஏன் இழுத்துவிட வேண்டும் என்று நின்று விளக்க நேரமில்லை. எத்தனை ஊசி, எத்தனை வடிகுழாய் என்று பதிவேடு கணக்குக் கேட்கிறது; ஒப்புதல் படிவத்தில் கைரேகை வைத்த முதியவருக்கு என்ன புரிந்தது என்று அது கேட்பதில்லை. வகுப்பறை எழுதியதை வார்டு அழிக்கிறது.

அழிக்கப்படாமல் எஞ்சும் ஒரே 'விழுமியம்' கீழ்ப்படிதல். விளக்கேற்றும் விழாவில் மாணவர்கள் ஒப்பிக்கும் நைட்டிங்கேல் உறுதிமொழி, நைட்டிங்கேல் எழுதியதன்று. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இயற்றப்பட்டது. மருத்துவருக்கு விசுவாசம் காட்டுவதை அது கடமையாக்கியது. பன்னாட்டுச் செவிலியர் மன்றமோ தன் அறநெறித் தொகுப்பை 1973-இல் திருத்தியபோதே, செவிலியரின் முதற்பொறுப்பு பராமரிப்பு வேண்டுவோருக்கே என்று அறிவித்துவிட்டது. அரை நூற்றாண்டு கடந்தும் தவறான மருந்தளவைச் சுட்டிக்காட்டும் மாணவி 'அடக்கமற்றவள்' எனப் பெயரெடுப்பது எந்த அறம்?

2021 ஜூனில் டெல்லி அரசு மருத்துவமனை ஒன்று, செவிலியர் மலையாளத்தில் பேசக்கூடாதென்று சுற்றறிக்கை விடுத்து, எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே திரும்பப் பெற்றது. நோயாளிக்குப் புரியாத மொழியில் அவர் முன்னே பேசலாமா என்பது மெய்யான அறவியல் வினா. அது கலந்துரையாடலாக வேண்டிய இடத்தில் தண்டனை மிரட்டலாக வந்தது. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இயங்கும் ஜனக்புரியில், இந்தி அறியாத தமிழ் மூதாட்டி ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்தால், அவர் மொழி அறிந்த செவிலியரே அவருக்கு முதல் ஆறுதல். மொழி அங்கே ஒழுங்குமீறலன்று, பராமரிப்பு.

'சிறப்புப் பயிற்சியில் திறனுக்கே நேரமில்லை' என்பது வழக்கமான மறுப்பு. கேட்பது புதிய தாள் அன்று. ஒவ்வொரு பணிமுறை முடிவிலும் அன்று கண்ட ஒரு நிகழ்வைப் பற்றிப் பதினைந்து நிமிட உரையாடல்; அதைப் பயிற்றுநரும் மதிப்பிடும் முறை; கேள்வி கேட்டவரின் அகமதிப்பெண் குறையாது என்ற உறுதி. இவ்வளவுதான். இதற்கும் மனமில்லாத கல்லூரிகள் விளக்கேற்றும் விழாவையாவது நிறுத்திவிடட்டும்.