பாம்பின் செதிலும் கணிப்பொறி ஓவியமும்

ஐதராபாத் நகரின் குகட்பள்ளியில் ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. கணிப்பொறியின் துணைகொண்டு உருவம் வரையக் கற்பிக்கும் பயிற்சி நிலையங்களும் அப்பகுதியில் உண்டு. இக்கலையைப் பயில்வோர் ஊர்வனவற்றின் தோலை வரையும்பொழுது, ஒரு செதிலை வரைந்து அதையே உடல் முழுவதும் அச்சுக் குத்தியதுபோல நிரப்பிவிடுவது எளிய வழி. படம் பளபளப்பாக அமையும். ஆயினும் அது எந்தப் பாம்பின் படமும் ஆகாது.

இயற்கை ஒரே அச்சைப் பயன்படுத்துவதில்லை. பாம்பின் வயிற்றில் அகன்ற தகடுகளும் முதுகில் சிறு செதில்களும் உள்ளன. நாகத்தின் செதில்கள் வழவழப்பானவை. கண்ணாடி விரியனின் செதில்களில் நடுவே மேடான வரம்பு ஓடுகிறது. சுருட்டை விரியனின் பக்கச் செதில்களிலோ அவ்வரம்பு இரம்பப் பற்களைப்போல் அமைந்து, ஒன்றோடொன்று உரசி ஓசை எழுப்புகிறது. முதலையின் தலைச் செதில்கள், கருவளர்ச்சியின்போது தோல் வெடிப்பதால் உண்டாகின்றன என்று 2013ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கருதியது. முதலைத் தலையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருப்பதில்லை.

இது அழகைப் பற்றிய வழக்கு மட்டுமன்று. கொடிய நஞ்சுள்ள கட்டு விரியனும், நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையனும் பார்வைக்கு ஒத்தவை. கட்டு விரியனின் நடுமுதுகில் பெரிய அறுகோணச் செதில்கள் ஒரு வரிசையாக அமைந்துள்ளன. மற்றதற்கு அவ்வரிசை இல்லை. செதிலை அச்சாக நிரப்பும் படத்தில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. அத்தகைய நாட்டில், வகுப்பறையிலும் கிராமச் சாவடியிலும் காட்டப்படும் படம் பிழையுடன் இருத்தல் தகாது. தவறான படத்தால் தீங்கற்ற பாம்பு அடிபடும்; நஞ்சுள்ளதைத் தீங்கற்றதெனக் கருதிய மனிதர் உயிரிழக்கவும் கூடும்.

விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல், பாம்புகளைத் திரட்டி ஆராய்ந்து, 1796இல் வண்ணப் படங்களுடன் நூல் வெளியிட்டார். கருவி மாறினும் அவர் கைக்கொண்ட முறை மாறவேண்டியதில்லை. முதலில் உயிரினத்தை உற்றுநோக்க வேண்டும். பின்னரே வரைதல் வேண்டும்.

இதற்கு ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பெரிதும் உதவலாம். வேலியோரம் கிடக்கும் பாம்புச் சட்டையின் அருகே அளவுகோலை வைத்து ஒளிப்படம் எடுத்தால் செதில்களின் வரிசை தெளிவாகப் புலப்படும். ஆனால் உரிக்கும்போது சட்டை நீள்வதால், அது பாம்பைவிட நீளமாயிருக்கும். நிறத்தைத் தரும் உயிரணுக்கள் உட்தோலில் தங்கிவிடுவதால், வண்ணத்தையும் சட்டையினின்று முழுமையாக அறிய இயலாது. இவ்விரு குறைகளையும் ஓவியர் அறிந்திருத்தல் வேண்டும். உயிருள்ள பாம்பைப் படத்துக்காகப் பிடிப்பது ஆபத்தானது. பாம்புகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. கடியுண்டவரைப் பாம்பின் வகை அறியக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே முறை.

பயிற்சி நிலையங்கள் தம் பாடத்தில் உயிரியல் ஆசிரியர் ஒருவரின் சில வகுப்புகளையேனும் சேர்த்தல் நலம். படம் அச்சேறுமுன் அவரிடம் காட்டிச் சரிபார்க்கும் வழக்கமும் ஏற்பட்டால், அப்படங்களை ஊர்ப்பள்ளிகள் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம்.