நிதியுதவி கேட்டால் கதவு சுருங்கும்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2024-ல் விண்ணப்பித்தவர்களில் சுமார் 4.5 சதவீதம் பேருக்கு இளநிலைப் படிப்பில் இடம் கொடுத்தது. வெளிநாட்டினரை மட்டும் தனியே பார்த்தால் ஏறத்தாழ 2 சதவீதம்தான். தகுதிக் குறைவு இதற்குக் காரணமல்ல. வெளிநாட்டினருக்கு எத்தனை இடம் என்பதற்கு அங்கே வரம்பு உண்டு. ஒலிம்பியாட் பதக்கக்காரர்களும் அதற்குள்தான் முட்டிமோத வேண்டும்.

இதைவிடக் குறைவாகப் பேசப்படுவது பணம். நிதியுதவி கேட்பதைப் பொருட்படுத்தாமல் வெளிநாட்டு மாணவரைத் தேர்வு செய்து, தேவை முழுவதையும் ஈடுகட்டும் நிறுவனங்கள் மிகச் சில: ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், 2022 முதல் டார்ட்மத் என நீளும் சிறு பட்டியல் அது. மற்ற பெரும்பாலான இடங்களில், உதவி தேவை என்று குறிப்பிடுவதே ஒரு பாதகம். ஸ்டான்ஃபோர்டும் அப்படித்தான், அதை வெளிப்படையாகச் சொல்லும் நேர்மையாவது அதற்கு இருக்கிறது. பாதிப்பு யாருக்கு? வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு. லட்சங்களை வாங்கிக்கொண்டு விண்ணப்பக் கட்டுரைக்கு மெருகேற்றும் ஆலோசகர்கள் இதை முதல் நாளே சொல்கிறார்களா என்பது சந்தேகமே.

இடம் கிடைத்த பிறகும் நிம்மதியில்லை. 2025 மே மாதம் புதிய மாணவர் விசா நேர்காணல்களுக்கான முன்பதிவை அமெரிக்கா சில வாரங்கள் நிறுத்திவைத்தது.

அமெரிக்க அரசை இப்பல்கலைக்கழகங்களால் மாற்ற முடியாமல் போகலாம். ஆனால் எம்.ஐ.டி.யைப் போல வெளிநாட்டினரின் சேர்க்கை விகிதத்தைத் தனியாக வெளியிடலாம். உதவி கேட்டவர்களில் எத்தனை பேர் தேர்வானார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். விண்ணப்பக் கட்டணம் வாங்குவதற்கு முன்பே.