திண்ணையும் பட்டறைதான்

கடலூர் தேவனாம்பட்டினத்துக்குப் போகிறவர்கள் வெள்ளிக் கடற்கரையில் காற்று வாங்கிவிட்டு, கெடிலம் ஆற்றோரம் இடிந்து கிடக்கும் செயிண்ட் டேவிட் கோட்டையையும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்தக் கோட்டை எதற்காக வாங்கப்பட்டது என்று கேட்பவர்கள் சிலரே. 1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. அப்படிப் பறிபோன ஊர்களுக்குக் குண்டுக் கிராமங்கள் என்றே பெயர் வந்தது. இத்தனை பாடும் எதற்கு? துணிக்கு!

அந்தத் துணி எங்கே நெய்யப்பட்டது? கோட்டைக்குள் அல்ல, நெசவாளியின் வீட்டில். தறி அவனுடையது, கூரை அவனுடையது, விளக்குக்கு எண்ணெய் அவனுடையது. நூல் நூற்றவளும் பாவு ஓடியவளும் வீட்டுப் பெண்கள். கம்பெனி தரகன் மூலம் முன்பணம் கொடுத்தது. துணி வந்ததும் தரம் பிரித்து, இது மட்டம், இது ஆகாது என்று விலையைக் குறைத்தது. கம்பெனிக்கு வாடகைச் செலவு இல்லை; நெசவாளிக்கு நோய் வந்தால் கேட்க வேண்டிய கடமையும் இல்லை.

முன்னூறு வருஷத்துக் கதையை இப்போது ஏன் எடுக்கிறோம்? அதே ஏற்பாடு இன்றும் நம் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது, அதனால்தான். ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தோழர், மனைவி தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறார். துணிப்பை, தலையணை உறை, கால்மிதி, துண்டுத் துணியில் பொம்மை, ரவிக்கைக்கு ஆரி வேலை, பனியன் துணியில் பிசிறு வெட்டுதல். சிதம்பரம் பக்கத்துக் கடைமடையில் நடவும் களையெடுப்பும் இல்லாத மாதங்களில் விவசாயத் தொழிலாளியின் வீட்டுக்கும் இந்த வேலைதான் வருகிறது. "வீட்டுக்காரி என்ன செய்கிறாள்?" என்று யாராவது கேட்டால் தோழர் சொல்லும் பதில்: "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள். பொழுதுபோக்காக ஏதோ தைக்கிறாள்." முதலாளி சொல்வதற்கு முன்னாலேயே நாம் சொல்லிவிடுகிறோம்.

பொழுதுபோக்கா, கூலி வேலையா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பை ஒன்றுக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூல், மின்சாரம், ஊசி, மிஷின் எண்ணெய் எல்லாம் அவள் தலையில். பைக்கு 50 காசு. மணிக்கு 8 பை வீதம் 8 மணி நேரத்தில் 64 பை. கைக்கு நிற்பது 224 ரூபாய். ஆனால் வெட்டிய துணியைத் தூக்கி வந்த நேரம், திருப்பியனுப்பிய பையைப் பிரித்துத் தைத்த நேரம், கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நேரம், இவற்றுக்கு இன்னும் 2 மணி சேருங்கள். மணிக்கு 22 ரூபாய் 40 காசு. இது உதாரணக் கணக்குத்தான். அவரவர் வீட்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள், உதாரணத்தைவிட மோசமாக வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கைவேலைக்கு மரியாதையான கூலி கொடுக்கவே முடியாது என்பார்கள். நம் கரையிலேயே பதில் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி தேவனாம்பட்டினத்தையும் அடுத்துள்ள குப்பங்களையும் வாரிச் சுருட்டிய பிறகு, வடக்கே ஆரோவில்லிலுள்ள உபாசனா என்ற துணி வடிவமைப்பு நிலையம் 2005-ல் சுற்றுவட்டார மீனவப் பெண்களைக் கூட்டி, தையலில் கழிந்த துண்டுத் துணியைக் கொண்டு கைவிரல் அளவுப் பொம்மைகள் செய்யப் பழக்கியது. 'சுனாமிகா' என்று பெயர். பொம்மையை விற்பதில்லை, அன்பளிப்பாகத்தான் கொடுப்பார்கள், நன்கொடை வந்தது, செய்த கைக்குக் கூலி போயிற்று. கடலையே கண்ணெடுத்துப் பார்க்க அஞ்சிய பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து ஊசி பிடித்தார்கள். நல்ல காரியம். ஆனால் கொடையாளியின் மனசு இளகினால்தான் கூலி என்ற நிலையில் லட்சக்கணக்கான பெண்களை விட்டுவைக்க முடியாது.

ஆமதாபாத்துக்குப் போவோம், அது மில் ஊர். அங்கே மில் கழிவுத் துண்டுகளை ஒட்டுப்போட்டு மெத்தை உறை தைக்கும் பெண்கள் உண்டு. அந்தத் துண்டுக்குச் 'சிந்தி' என்று பேர். வியாபாரி துண்டைக் கொடுப்பான், உறையை வாங்குவான், வைத்ததுதான் கூலி. 1972-ல் எலா பட் முன்னின்று அமைத்த 'சேவா' சங்கத்தைப் பதிவு செய்யப் போனபோது, முதலாளி யார் என்றே தெரியாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எப்படி என்று அதிகாரிகள் தடை சொன்னார்கள். வாதாடித்தான் பதிவு பெற்றார்கள். 1970களின் பிற்பகுதியில் சிந்திப் பெண்களும் கூலி உயர்வு கேட்டார்கள். வியாபாரிகள் வேலையை நிறுத்திப் பழிவாங்கினார்கள். பெண்கள் சொந்தக் கூட்டுறவே தொடங்கினார்கள். கந்தல் துணியை வைத்துக்கொண்டு இவ்வளவு செய்தார்கள்!

சட்டம் அறியாத விஷயமுமல்ல இது. 1948-ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே, பொருளை வாங்கிப்போய்த் தன் வீட்டில் செய்துகொடுக்கும் வெளிவேலையாளையும் தொழிலாளி என்றுதான் சொன்னது. 1966-ன் பீடித் தொழிலாளர் சட்டம் வீட்டில் பீடி சுற்றும் பெண்ணைக் கணக்கில் எடுத்தது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள், 1974-ல் சுப்ரீம் கோர்ட் சட்டத்தை நிலைநிறுத்தியது. அதற்கு முந்தைய வருஷம், துண்டுக் கூலிக்குத் தைத்து, சில சமயம் துணியை வீட்டுக்கும் எடுத்துச் சென்ற தையல்காரர்கள் கடைக்குத் தொழிலாளர்களே என்று ஆந்திர வழக்கொன்றில் அதே கோர்ட் தீர்ப்பளித்தது. பீடிக்கு அட்டை உண்டு, வைப்பு நிதி உண்டு. துணிப்பைக்கு ஏன் இல்லை?

வீட்டு வேலை பற்றிச் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996-ல் நிறைவேற்றிய 177-ஆவது உடன்படிக்கைக்கு இந்திய சர்க்கார் இன்னும் ஒப்புதல் அளிக்கவில்லை. 2020-ன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 'வீட்டிலிருந்து வேலை செய்பவர்' என்று பெயர் மட்டும் வைத்திருக்கிறது. பைக்கு எத்தனை ரூபாய் என்று அது சொல்லாது. மாநில சர்க்கார் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பையைத் தடுத்தது, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. வரவேற்கிறோம். அந்த மஞ்சப்பையைத் தைக்கும் கைக்கும் துண்டுக் கூலி நிர்ணயித்து, அதை ஒவ்வொரு ஊரிலும் பலகையில் எழுதிப் போட வேண்டும். நூலும் மின்சாரமும் வேலை கொடுப்பவன் கணக்கில் சேர வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 1982-ன் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் தையல் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. வீட்டில் தைப்பவளும் தையல் தொழிலாளிதான். அவள் பெயரும் அதில் ஏற வேண்டும். சங்கக் கிளைகள் மனுவை எழுதிக்கொடுத்து, மாவட்டத் தொழிலாளர் அலுவலகம்வரை கூடப் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் நாற்பது பக்க நோட்டு ஒன்று: தேதி, யார் கொடுத்த துணி, எத்தனை உருப்படி, எத்தனை மணி, எவ்வளவு பணம். எழுதத் தெரியாத வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். அடுத்த கிளைக் கூட்டத்துக்கு நோட்டுடன் அந்தத் தோழியரும் வரட்டும். அன்றைக்கு வீட்டில் சோறு வடிப்பது தோழர்கள் பொறுப்பு.