மண் நடுங்கியது, மதியும் நடுங்க வேண்டுமா?

ஊஞ்சல் தானே அசைகிறது. அடுக்கிவைத்த பாத்திரங்கள் உருண்டோடுகின்றன. தலைதான் சுற்றுகிறதோ என்று எண்ணிச் சுவரைப் பற்றுகிறான் மனிதன். பற்றிய சுவரும் ஆடுகிறது! அப்போதுதான் விளங்குகிறது அவனுக்கு, ஆடுவது தான் நிற்கும் நிலமே என்று. காற்றை ஐயுற்றதுண்டு, கடலை ஐயுற்றதுண்டு, காலடி மண்ணை அவன் ஐயுற்றதே இல்லை. ஆகவேதான் நிலநடுக்கம் தரும் அச்சம் மற்றெல்லா அச்சத்தினும் பெரிதாகிறது.

அந்த அச்சத்தில் மீண்டு வந்தவனை நோக்கி இரண்டு கேள்விகள் கேட்கலாம். "என்ன உணர்ந்தாய்?" என்பது ஒன்று. "என்ன பாவம் செய்தாய்?" என்பது மற்றொன்று. முதற் கேள்வி அறிவை வளர்த்தது. இரண்டாம் கேள்வி அச்சத்தை வளர்த்தது. நம் நாட்டில் ஓங்கி ஒலித்தது எது? ஆதிசேடன் தலை மாற்றினான் என்றனர். ஆண்டவன் சினந்தான் என்றனர். பரிகாரம் செய்க என்றனர். பாதிக்கப்பட்டவன் வாய் திறக்குமுன் பாவப்பட்டியல் நீட்டினர்!

1934 ஆம் ஆண்டு ஜனவரி 15. பிற்பகல் இரண்டு மணி கடந்த வேளை. பீகாரும் நேபாளமும் குலுங்கின. முங்கேர் நகரம் இடிபாட்டுக் குவியலாயிற்று. வடபீகாரின் வயல்களிலே நிலம் வெடித்து நீரும் மணலும் பீறிட்டன. விளைநிலம் மணல்வெளியாயிற்று, கிணறுகள் தூர்ந்தன. மாண்டவர் பத்தாயிரத்துக்கும் மேல்.

ஒன்பது நாள் சென்று, ஜனவரி 24 அன்று, நமது திருநெல்வேலியிலே பேசினார் காந்தியார். தீண்டாமை எனும் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனையே அந்த நிலநடுக்கம் என்றார். தீண்டாமை கொடிது, அது வேரோடு வீழ வேண்டும் என்பதிலே நமக்கு மாறுபாடு துளியும் இல்லை. ஆனால் கேட்கிறோம்: தீண்டாமையைக் காத்தவன் வீடு மட்டுமா இடிந்தது? அதனால் நலிந்தவன் குடிசை இடியவில்லையா? கொடுமை செய்தவனையும் கொடுமைக்கு ஆளானவனையும் ஒரே குழியில் தள்ளுவதற்கு நீதி என்றா பெயர்? ஆலயக் கதவைத் திறக்கச் சொன்னதாலன்றோ ஆண்டவன் சினந்தான் என்று ஒரு சனாதனி எழுந்து கூறினால், அவனுக்கு என்ன மறுமொழி? நல்லவர் கையிலிருந்தாலும் அது மூடநம்பிக்கை எனும் கத்தியே. கை மாறினால் எவர் கழுத்தையும் அறுக்கும்!

காந்தியாரிடம் பெருமதிப்புக் கொண்டிருந்த கவி தாகூரே இதை மறுத்தெழுதினார். அம்மறுப்பைத் தமது 'அரிஜன்' ஏட்டிலே வெளியிட்ட காந்தியாரின் பெருந்தன்மையைப் பாராட்டுகிறோம். ஆயினும் அவர் தம் கருத்தை விட்டாரில்லை. இந்தியப் பாறைத்தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து இமயத்தின் அடியில் முட்டுகிறது. முட்டும் இடத்தில் இறுக்கம் சேர்கிறது; சேர்ந்த இறுக்கம் ஒரு நாள் விடுபடுகிறது. பாறைக்குச் சாதி தெரியாது, பாவமும் தெரியாது.

மேலை நாட்டார் மட்டும் தொடக்கத்திலேயே தெளிந்தவர்களா? இல்லை. 1755 நவம்பர் 1, கிறித்துவப் புனிதர் அனைவரின் திருநாளன்று, லிஸ்பன் நகரம் அதிர்ந்தது. மாதா கோயில்களில் மண்டியிட்டிருந்தோர் மீதே கூரைகள் வீழ்ந்தன. தீயும் கடலும் மிச்சத்தைத் தின்றன. இறைவனின் சினம் என முழங்கினார் மலகிரிதா எனும் பாதிரியார். அமைச்சர் பொம்பாலின் ஆட்சியோ ஊர்தோறும் வினாத்தாள் அனுப்பியது. எந்நேரம் தொடங்கியது? எவ்வளவு நேரம் நீடித்தது? கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா? ஆம், மக்கள் உணர்ந்ததை அரசு கேட்டது. அவர்கள் உரைத்ததை எழுதி வைத்தது!

உறங்குவோர் விழித்தனரா, பாத்திரங்கள் ஒலித்தனவா, மக்கள் வெளியே ஓடினரா என்று கேட்டறிந்து அதிர்வை அளக்கும் 12 படி அளவுகோல் இன்று உலகெங்கும் வழங்குகிறது. அதற்குப் பெயர் தந்த மெர்க்காலி யார்? இத்தாலி நாட்டுப் பாதிரியார்! அங்கி அணிந்தவரே பாவக்கணக்கை விட்டுப் பாத்திரத்தின் ஒலியைக் கணக்கெடுத்தார். அங்கி அறிவைத் தடுப்பதில்லை. அறிய மறுக்கும் நெஞ்சமே தடுக்கிறது.

ஏட்டறிவு இல்லாதோரும் இதைச் செய்து காட்டினர். சுமத்ராவுக்கு மேற்கே சிமலு என்றொரு தீவு. 1907 இல் அங்கே நிலம் நடுங்கியது. கடல் பின்வாங்கிப் பின் பொங்கி வந்து பல்லோரைக் கொண்டது. பிழைத்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்: நிலம் வலுவாக ஆடிக் கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு. 'ஸ்மொங்' என்ற ஒரு சொல்லிலே அந்தப் பாடம் அடங்கியது. 2004 டிசம்பர் 26 அன்று மீண்டும் நிலம் நடுங்கியது. மக்கள் மேட்டுக்கு ஓடினர். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த தீவிலே இறந்தவர் ஏழு பேர்!

அதே காலை, ஆறரை மணியளவில், நம் சென்னையிலும் கட்டில் ஆடிற்று. மாடியில் இருந்தோர் தெருவுக்கு ஓடி வந்தனர். உணர்ந்தோம், வியந்தோம், வீடு திரும்பினோம். அலை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த அதிர்வின் பொருளைக் கரையோரத்தில் நின்றவர்க்குச் சொல்ல ஒரு குரல் எழவில்லை. நமக்கென்று ஒரு 'ஸ்மொங்' இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரை இழந்தோம்.

2007 இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் எழுந்தது; வரவேற்கிறோம். ஆனால் கருவி மட்டும் காக்காது. கற்றறிந்த மக்களும் வேண்டும். துயருற்றோர்க்கு நம்பிக்கை ஆறுதல் தருகிறதே என்பர் சிலர். பிள்ளையை இழந்த தாயிடம், உன் பாவமே அவனைக் கொன்றது என்பதா ஆறுதல்? அது புண்ணிலே பாய்ச்சும் வேல்!

ஆகவே கேட்கிறோம்: கடற்கரைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் நிலநடுக்கப் பாடம் நடக்கட்டும். 2004 இல் கண்டதையும் உணர்ந்ததையும் முதியவர்கள் சொல்லட்டும். பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். மண் மீண்டும் நடுங்கும். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. நடுங்கும்போது நம் பிள்ளைகள் கைகூப்பி நிற்பதா, மேடு நோக்கி ஓடுவதா? அதை முடிவு செய்வது நம் கையில்தான் இருக்கிறது!